கப்பல் சமையல்காரருக்கு விற்ற காலி டப்பா

1

இந்தக் கதை என்னுடையதல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மனத்தாங்கல் வேண்டாம். அக்கா கேட்டாள், எழுதுகிறேன். இருபது வருடமாக நான் எழுதியதில் ஒரு வரிகூடப் படிக்காதவள், போன மாதம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக, "நீ கதை எழுதுறவன்தானேடா? எனக்கு ஒண்ணு எழுதிக் கொடு" என்றாள். தையற்காரரிடம் துணியைக் கொடுக்கிற மாதிரி கேட்டாள். அளவும் சொன்னாள்: அந்த ஆள் கடைசியில் உயிரோடு இருக்க வேண்டும்.

"எந்த ஆள்?" என்று கேட்டேன். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

(ஏன் அப்படிக் கேட்டேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். சொல்லிவிடுவேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: "கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, உடம்பெல்லாம் கடல் வாசனையோடு ஒருவர் வீடியோ கேம் கடைக்குள் நுழைந்தார்." அடித்தாயிற்று. அவர்மேல் கடல் வாசனை எதுவும் இல்லையாம். குளித்துவிட்டு வந்த சோப்பு வாசனைதான் அடித்தது என்கிறாள் அக்கா.

இரண்டாம் தொடக்கம்: "எல்லாமே கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் வந்து சேரும் இந்தக் காலத்தில், கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருள் என்பது —" இதுவும் வேண்டாம். கட்டுரைப் போட்டிக்கு எழுதுகிறவன் மாதிரி இருக்கிறது.

மூன்றாவது, வேறு வழியில்லாமல், நேராக:

ஒரு வணிக வளாகத்தின் முதல் மாடியில், மருந்துக் கடைக்குப் பக்கத்தில் இருந்த வீடியோ கேம் கடையில் அக்கா பதினான்கு வருடம் கவுன்டரில் நின்றாள். ஒரு கேமைக்கூட அவள் முழுசாக ஆடியதில்லை. ஆனால் பழைய டிஸ்க் எது வந்தாலும் ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது கடை விதி. அதனால் நானூறு கேம்களின் முதல் ஐந்து நிமிடம் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். ஆறாவது நிமிடம் ராஜா செத்தாரா பிழைத்தாரா என்று கேட்டால் விழிப்பாள்.

அலமாரியில் வரிசையாக நிற்கிற டப்பாக்கள் எல்லாம் காலி. திருட்டுப் பயத்தால் அப்படி ஓர் ஏற்பாடு. டிஸ்க்குகள் கவுன்டருக்குப் பின்னால், நம்பர் போட்ட காகித உறைகளில், ஓர் இழுப்பறையில் இருக்கும். ஒருவர் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தால், அக்கா அந்த நம்பர் டிஸ்க்கை எடுத்து உள்ளே அமுக்குவாள். டக்கென்று ஒரு சத்தம் வரும். மூடி, வாயில் வட்ட ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பாள். அவ்வளவுதான் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை செய்தது, கடைசி வருடங்களில் நாலைந்து தடவையாக ஆகிவிட்டது. ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே டவுன்லோடு செய்துகொண்டார்கள். வாசலுக்குப் பக்கத்து அலமாரியில் காபி கோப்பைகளும் பொம்மைகளும் வந்து உட்கார்ந்தன. சில புது டப்பாக்களுக்குள் டிஸ்க்கே கிடையாது, ரகசிய எண் அச்சடித்த ஒரு துண்டுக் காகிதம்தான். அவற்றை விற்கும்போதெல்லாம் அக்காவுக்கு முகம் சுருங்கிவிடும். "கையில பிடிச்சா உங்களுது, இறக்கிக்கிட்டா வாடகை வீடு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு விதியும் உண்டு. யார் வந்தாலும், என்ன வாங்கினாலும், போன் நம்பரைக் கேட்டு உறுப்பினர் பட்டியலில் சேர்க்க வேண்டும். மாட்டேன் என்றால் மூன்று தடவை கேட்க வேண்டும். மேலாளர் அதைக் காமிராவில் பார்ப்பார்.

3

அது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். கடையில் ஈ காக்கை இல்லை. வந்தவர் பொம்மைகளைத் தாண்டி நேராகக் கவுன்டருக்கு வந்தார்.

"நெட் இல்லாம ஓடுற மாதிரி ஏதாவது இருக்குங்களா? ரொம்ப நாள் வரணும்."

இந்தக் கேள்விக்காக அக்கா பல வருடமாகக் காத்திருந்தாள் என்று எழுதினால் மிகை இல்லை.

"எங்க வெச்சு ஆடப்போறீங்க?"

"கப்பல்லங்க. சமையல் வேலை. நாளைக்குச் சாயங்காலம் கிளம்புறோம். திரும்பி வர ஆறு மாசம் ஆகும்." கொஞ்சம் தயங்கி, "இப்ப தங்கியிருக்கிற ரூம்ல நெட் இருக்கு. இன்னிக்கே எதையாவது இறக்கி வெச்சுக்கலாமான்னும் ஒரு யோசனை" என்றார்.

"அது மட்டும் வேண்டாங்க. சிலது நடுக்கடல்ல போய், நெட் கொடுத்தாத்தான் திறப்பேன்னு அடம்பிடிக்கும். டிஸ்க்னா போட்டா ஓடும்." வாடகை வீட்டுக் கதையையும் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

அக்கா யோசித்து யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். மலைகளுக்கு நடுவே ரயில் பாதை போடுகிற பழைய கேம். பாலம் கட்ட வேண்டும், சுரங்கம் தோண்ட வேண்டும், ஆள் சேர்க்க வேண்டும். இருநூறு மணி நேரத்துக்குக் குறையாது. முழுசும் டிஸ்க்கிலேயே இருக்கிறது, நெட்டை ஏறெடுத்தும் பார்க்காது. கடையில் அதுதான் கடைசிப் பிரதி. டப்பாவின் தூசியைத் துடைத்து, திறந்து கவுன்டரில் வைத்து, இழுப்பறையைப் பாதி திறந்தாள். அப்போதுதான் அவர் பேச ஆரம்பித்தார்.

"முதல் மாசம் ஒண்ணும் தெரியாதுங்க. ரெண்டாவது மாசம் வந்தா, வேலை முடிஞ்சதும் என்னால கேபின்ல இருக்க முடியாது. பின்பக்கம் போய்க் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தண்ணியப் பாத்து நின்னுருவேன். போன தடவை ரெண்டு பேர் வந்து கையைப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க." சிரிக்கப் பார்த்தாராம். "கையில ஏதாவது வேலை இருந்தா உள்ளேயே உக்காந்துருவேன். அதான்."

அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். "இது ரொம்ப நாள் வருங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் கை தானாக இழுப்பறையைச் சாத்தியது, டப்பாவை மூடியது, ஸ்டிக்கரை ஒட்டியது.*

போன் நம்பர் கேட்கவில்லை. பதினான்கு வருடத்தில் அன்றைக்குத்தான் கேட்காமல் விட்டாள். "அந்த மனுஷனப் போட்டு நச்சரிக்க மனசு வரலடா" என்றாள். காமிரா பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

* டக்கென்ற சத்தம் வரவில்லையே என்று தனக்கு ஏன் உறைக்கவில்லை என்பதைத்தான் அக்கா என்னிடம் அதிகம் பேசியிருக்கிறாள். ஒரு மணி நேரம்கூடப் பேசியிருக்கிறாள், அந்த ஒரு சத்தத்தைப் பற்றி.

(கதை எழுதுகிறவனாக ஒன்று சொல்ல வேண்டும். அவள் எப்போதும்போல் கடுகடுவென்று வேலை பார்த்திருந்தால் டிஸ்க் உள்ளே போயிருக்கும், நம்பரும் கிடைத்திருக்கும். காது கொடுத்துக் கேட்டதால் முதலாவது போயிற்று. இரக்கப்பட்டதால் இரண்டாவது போயிற்று. இதை அக்காவிடம் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும்.)

4

இந்தச் சமையல்காரர் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முன்பின் தெரியாத கடைக்காரப் பெண்ணிடம் யார் இப்படி மனதைக் கொட்டுவார்கள்? மேலும், அக்கா இதை முதன்முதலில் சொன்னபோது கம்பியும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஒருவர் கேம் வாங்கினார், காலி டப்பாவைக் கொடுத்துவிட்டேன், அவ்வளவுதான் சொன்னாள். கம்பி பிற்பாடு வந்து சேர்ந்தது. குற்ற உணர்ச்சி இருக்கிறவர்களுக்கு ஞாபகம் இப்படித்தான் கிளை விடும். எனவே வாசகர்கள் அவரைச் சாதாரணமாக, பொழுது போக ஒரு கேம் வாங்க வந்த ஆளாக —

இந்தப் பகுதியை அப்படியே விட்டுவைக்கிறேன். அடிக்கவில்லை. காரணம் உண்டு.

5

கடை மூடுவதற்கு முன் தினமும் இழுப்பறையையும் அலமாரியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, எழுபத்துமூன்றாம் நம்பர் உறையில் அந்த ரயில் டிஸ்க் இருந்தது. அலமாரியில் டப்பா இல்லை. அக்கா அரை மணி நேரம் வாசலிலேயே நின்றாள். அவர் திறந்து பார்த்துவிட்டு ஓடி வருவார் என்று நினைத்தாள். மறுநாளும் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாசத்துக்கு வாங்கிய பொருளைக் கரையில் இருக்கும்போதே யார் பிரிப்பார்கள்?

நாலாவது நாள் பஸ் ஏறித் துறைமுகத்துக்குப் போனாள். காவலாளி, "கப்பல் பேரு?" என்றார். தெரியாது. "ஆள் பேரு?" தெரியாது. "சமையல் வேலைங்க" என்றாள். அவர் சிரிக்கவில்லை, உட்கார நாற்காலி போட்டார். "இந்த வாரம் மட்டும் பதினோரு கப்பல் போயிருச்சும்மா. எல்லாத்துலயும் சமையல்காரர் உண்டு."

நாலாம் மாதம் கடையை மூடிவிட்டார்கள். மிச்சச் சரக்கையெல்லாம் பெட்டியில் கட்டித் திருப்பி அனுப்பினார்கள். எழுபத்துமூன்றை மட்டும் அக்கா தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் செய்த ஒரே திருட்டு அது. இப்போது அங்கே போன் உறை விற்கிறார்கள். அவளுக்குப் பக்கத்துத் தெருவில் பல்பொருள் கடையில் பில் போடுகிற வேலை. ஆறு மாதம் முடிந்த நாளிலிருந்து, சாப்பாட்டு இடைவேளையில் தினமும் வந்து பழைய கடை வாசலில் நிற்கிறாள். இது எட்டாவது மாதம்.

6

முடிவுகள்.

அ. அவர் வருகிறார். கோபம் தலைக்கேற, காலி டப்பாவைத் தூக்கி அவள் முன்னால் எறிகிறார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறார். அக்காவுக்கு இதுதான் பிடித்திருந்தது. "இன்னும் நல்லா திட்டச் சொல்லு" என்றாள்.

ஆ. நடுக்கடலில் டப்பாவைத் திறந்து, "போச்சுடா" என்று சிரித்துவிட்டு, மற்றவர்களோடு சீட்டாடப் போய்விடுகிறார். இறங்கி ஊருக்குப் போய்விட்டார், இந்தக் கடையே அவர் நினைவில் இல்லை. "அவருக்கு அது பெரிய விஷயமே இல்லாம இருக்கலாம்க்கா" என்றேன். "பெரிசுதான். நான் அவர் முகத்தப் பாத்தேன்" என்றாள்.

இ. "இரண்டாம் மாதம் ஒன்பதாம் நாள், அடுப்பை அணைத்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவர் பின்பக்கமாக —"

முடியவில்லை.

7

நாலாம் பகுதி பொய்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், இழுப்பறையைச் சாத்திய கையோடு அக்கா எனக்குத்தான் போன் செய்தாள். கம்பி, தண்ணீர், கையைப் பிரித்த இரண்டு பேர், எல்லாவற்றையும் அப்போதே சொன்னாள். ஒரு சொல்கூட அவள் பிற்பாடு சேர்க்கவில்லை. "நாளைக்குச் சாயங்காலம்தான் கப்பல். காலையில லீவு போட்டுட்டுத் துறைமுகத்துக்குப் போகட்டா? எனக்கு அங்க ஒண்ணும் தெரியாது. நீ கூட வர்றியா?"

நான் ஒரு கதையின் நடுவில் இருந்தேன். "ஒரு டிஸ்க்குக்காகவா லீவு போடுவ? பாக்குறவன் பைத்தியம்னு நினைப்பான். அவரே திறந்து பாத்துட்டு ஓடி வருவார், பேசாம இரு" என்றேன். அவள் சரி என்றாள். படித்த தம்பி சொன்னால் அவளுக்குச் சரிதான்.

இதோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் என் மேஜையில் ஒரு குறிப்பேடு இருக்கிறது. அந்தத் தேதியில் என் கையெழுத்தில் ஒரு வரி: "கப்பல் சமையல்காரர். பின்பக்கக் கம்பி. கையைப் பிரித்துக் கூட்டி வருகிறார்கள். நல்ல விஷயம், பயன்படும்." அவள் அழுதுகொண்டு பேசியபோது எழுதியது. அவருக்கு இன்னும் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் மிச்சம் இருந்தது.

எட்டு மாதமாக அக்கா அந்தப் போனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதனால்தான், எந்த ஆள் என்று தெரியாதவன் போல நான் கேட்டேன். வெட்கமாக இருக்கிறது.

8

இன்று காலை போன் செய்தாள்.

"முடிச்சிட்டியா?"

"கடைசி மட்டும் பாக்கிக்கா."

"என்ன பண்ணப்போற?"

"இந்த மாதிரிக் கதைல முடிவைப் படிக்கிறவங்ககிட்டயே கொடுத்துருவாங்க. அவங்க ஒண்ணு யோசிச்சுக்குவாங்க. அது ஒரு மரியாதைதான்."

பல்பொருள் கடையில் யாரோ தள்ளுவண்டியை உருட்டுகிற சத்தம் கேட்டது.

"அவங்க பாவம், என்ன செஞ்சாங்க?" என்றாள் அக்கா. "அன்னிக்கு அவரே வருவார்னு அவர் தலைல கட்டின. இன்னிக்கு இவங்க தலைலயா?"

கோபமாகச் சொல்லவில்லை. விலை சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"சரி விடு. இன்னிக்கு எனக்குப் பதிலா பில் போட ஆள் இல்ல, மத்தியானம் விட மாட்டாங்க. நீ போய் நில்லு. ஒண்ணுலேருந்து ரெண்டு வரைக்கும்."

"அவர் எப்படி இருப்பார்?"

கேட்டுவிட்டுத்தான் யோசித்தேன். அவரை வைத்து இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். அவர் குட்டையா நெட்டையா என்று இதற்கு முன் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

அக்கா நிதானமாகச் சொன்னாள். என் உயரம் இருப்பார். காதோரம் மட்டும் நரை. இடது மணிக்கட்டில் விரல் நீளத்துக்கு எண்ணெய் பட்ட தழும்பு, அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

ஆகவே முடிவை உங்களிடம் தரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். நான் இதைப் போன் உறைக் கடை வாசலில் நின்றுகொண்டு எழுதுகிறேன். மணி ஒன்றே முக்கால். கடைக்காரர் இரண்டு தடவை என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டார். போகிற வருகிற ஆண்களின் இடது கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறார்கள்.