காலின் மேல் நின்ற கார்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஒருத்தி, தன் சொந்த வீட்டு வாசலில், தன் சொந்த டிரைவிங் ஸ்கூல் காரை, தன் சொந்தப் புருஷன் காலிலேயே ஏற்றினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? வயிறு வலிக்கச் சிரித்தது. டீச்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கி லைசென்ஸ் எடுத்தவர்கள். அவர்களுக்கும் ஒரு நாள் வரத்தானே வேண்டும். அவளை அரித்தது வேறு விஷயம்.

நடந்தது இதுதான். காலை எட்டு மணிக்கு அவள் காரை ரிவர்ஸ் எடுத்தாள். அவள் கணவர், தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவர், கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வா... வா... இன்னும் வா..." என்று கை காட்டினார். அப்படிச் சொல்லிக்கொண்டே தான் நிற்கிற இடத்துக்கும் சேர்த்து வரச் சொல்கிறோம் என்பது அந்த மனுஷருக்கு உறைக்கவில்லை. பின் டயர் அவருடைய வலது கால் விரல்கள் மேல் ஏறியது. அவர் கத்தினார். அவள் பிரேக்கை மிதித்தாள்.

வண்டியை உடனே ஒரு முழம் முன்னால் எடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எடுக்கவில்லை. அவள் வகுப்பில் எட்டாம் பாடம் 'விபத்து நடந்தால்'. எஞ்சினை அணை. ஹேண்ட் பிரேக் போடு. நாலு இண்டிகேட்டரையும் எரியவிடு. வண்டியை நகர்த்தாதே. நாலு மூலையிலிருந்தும் போட்டோ எடு. சாட்சி யாரென்று பார். பத்தொன்பது வருஷமாகத் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்த பாடம் அவள் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. அணைத்தாள், போட்டாள், எரியவிட்டாள், இறங்கினாள். போனை நீட்டி முதல் மூலையிலிருந்து போட்டோ எடுத்தாள்.

"வண்டிய எடும்மா!" என்று அவர் அலறினார்.

"இருங்க, இன்னும் மூணு மூலை இருக்கு."

இதைச் சொன்னது அவள்தான். சாட்சிக்கு எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டு நின்றிருந்ததால் மறுக்கவும் வழியில்லை.

மூன்று விரல்களில் எலும்பு முறிவு. முழங்கால் வரை மாவுக்கட்டு. தையல் மெஷினின் பெடலை வலது காலால்தான் மிதிக்க வேண்டும், இரண்டு மாதத்துக்கு அது கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். டீச்சர் பக்கத்தில் நின்றாள். அவள் லேசில் மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை. கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தப்புச் செய்தால் இரண்டு நாள் கொஞ்சம் மெதுவாகப் பேசுவாள், அவ்வளவுதான், அவரும் புரிந்துகொள்வார். ஆனால் அன்று அந்த வார்த்தை தானாகவே கிளம்பித் தொண்டை வரை வந்துவிட்டது.

"அக்கா! வாயைத் திறக்காதே!"

கதவருகே அவள் தம்பி நின்றிருந்தான். வக்கீல். எதற்கெடுத்தாலும் நோட்டீஸ் அனுப்புகிறவன் என்பதால் குடும்பத்தில் அவன் பெயரே நோட்டீஸ்தான். ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது.

"மாமா உன் மேல கேஸ் போடப்போறார்" என்றான்.

"என் மேலயா?"

"உன் மேலன்னா உன் இன்சூரன்ஸ் கம்பெனி மேல. மாமாவுக்கு நஷ்டஈடு அவங்கதான் தரணும். ஆனா பாலிசியில ஒரு விதி இருக்குக்கா. கம்பெனியைக் கேக்காம நீ தப்பை ஒத்துக்கிட்டா ஒரு பைசா வராது. மன்னிப்புக் கேட்டா, தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி."

"புருஷன்கிட்டகூடவா?"

"அவர்தான் எதிர்க்கட்சி. அவர்கிட்டதான் கேக்கவே கூடாது." பிறகு கட்டில் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்களும் வாய் தவறி 'பரவாயில்ல'ன்னு சொல்லிடாதீங்க. அடியே படலைன்னு எழுதிடுவாங்க."

"நான் எதுக்குச் சொல்றேன்?" என்றார் தையல்காரர், சுவரிடம்.

டீச்சர் வந்த வார்த்தையை விழுங்கினாள். அது முழுசாக இறங்கவும் இல்லை.

மூன்றாம் நாள் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வந்து சேர்ந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு நோட்டு, கக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி. ஒரே வீட்டில் இரு தரப்பும் இருக்கிற கேஸ் என்பதால், பகலெல்லாம் உட்கார்ந்து பார்த்துவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். கூடத்தின் நடுவில் நாற்காலியை விரித்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்தவளை என்ன சொல்ல முடியும்? டீச்சர் அவளுக்கும் டீ போட்டாள்.

முதல் தகராறே டீயில்தான் வந்தது.

"சார் கேக்காமலே அவருக்கு டீ கொண்டுவந்து குடுத்தீங்களே, எப்பவும் இப்படித்தானா?" என்றாள் கம்பெனி அம்மா.

டீச்சருக்குப் பொய் வராது. "இல்ல. எப்பவும் அவரே போட்டுக்குவார்."

"அப்ப இது குற்ற உணர்ச்சி" என்று அவள் நோட்டில் எழுதினாள்.

அன்று மாலையே நோட்டீஸ் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தான். "அக்கா, நீ திடீர்னு நல்லவளா மாறக் கூடாது. விபத்துக்கு முன்னாடி எப்படி இருந்தியோ அப்படியே இரு. மாமா, அக்கா உங்கள ஒரு நாளைக்கு எத்தனை தடவை திட்டும்?"

தையல்காரர் விரல் விட்டு எண்ணினார். "சராசரியா அஞ்சு. லீவு நாள்ல எட்டு."

"அதுல குறையக் கூடாது" என்றான் நோட்டீஸ். கம்பெனி அம்மாவும் நோட்டில் அஞ்சு கட்டம் போட்டுக்கொண்டாள்.

இப்படியாக ஒரு பெண், நெஞ்சு நிறையக் கழிவிரக்கத்தை வைத்துக்கொண்டு, புருஷனை நாளொன்றுக்கு அஞ்சு தடவை திட்ட வேண்டிய நிலைமை வந்தது. கட்டுப் போட்ட காலைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கண் கலங்கும். கலங்கிய கண்ணோடு, "காலை இப்படி நடுவுல நீட்டினா நான் எந்தப் பக்கம் போறது? பறந்தா போவேன்?" என்று கத்துவாள். கம்பெனி அம்மா ஒரு கட்டத்தில் டிக் அடிப்பாள். சாயங்காலம் ஆறு மணிக்கு, "மேடம், இன்னும் ஒண்ணு பாக்கி" என்று நினைவூட்டுவாள். டீச்சர் அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "சும்மா உக்காந்திருக்கறதுக்கும் ஒரு நேரம் காலம் வேணாமா?" என்று திட்டிவிட்டு, திரும்பிப் போய்ப் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அழுவாள். அஞ்சில் ஒன்றாவது நியாயமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் முன்பும் அப்படித்தான் என்று தையல்காரர் பெருந்தன்மையாகச் சாட்சி சொன்னார்.

அவர் பாடும் சுகமில்லை. சிரித்தால் வலி இல்லை என்று எழுதிவிடுவார்கள். டிவியில் நகைச்சுவைக் காட்சி வந்தால் துண்டைக் கடித்துக்கொள்வார். "வலிக்குதா?" என்று டீச்சர் கேட்கக் கூடாது, அது அக்கறை. ஆகவே நோட்டீஸ் ஒரு வழி கண்டுபிடித்தான். டீச்சர் கடிதம் எழுதிக் கம்பெனிக்கு அனுப்புவாள். கம்பெனி அதைப் படித்து, வருத்தம் தெரிகிற வரிகளை அடித்துவிட்டு, பதிவுத் தபாலில் அதே வீட்டுக்கு அனுப்பும். தபால்காரர் வந்து, தையல்காரரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுப்பார். எட்டு நாள் கழித்து வந்த முதல் கடிதத்தில், எல்லாம் அடிபட்டது போக, 'கால்' என்ற ஒரே வார்த்தை மிஞ்சியிருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பதில் எழுதவில்லை.

அதுதான் டீச்சரை உலுக்கியது. திட்டினால் பதில் சொல்கிறார், சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், ஆனால் முகத்தைப் பார்ப்பதில்லை. விரல் முறிந்த கோபம் இப்படி இருக்காது. அவருடைய கோபங்களெல்லாம் ஒரு வேளைச் சாப்பாட்டோடு முடிந்துபோகிறவை.

ஒரு மத்தியானம், கம்பெனி அம்மா நாற்காலியிலேயே கண்ணயர்ந்த நேரத்தில், டீச்சர் போனைத் திறந்து அன்று எடுத்த போட்டோக்களைப் பார்த்தாள். தம்பிக்கு அனுப்பியிருந்தாளே தவிர, அவள் அதுவரை பார்க்கவில்லை. முதல் படத்தில் அவர் வாயைப் பிளந்து கத்துகிறார். இரண்டாவதிலும் கத்துகிறார். மூன்றாவதில் கேட்டைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறார். நான்காவதில் வாய் மூடியிருக்கிறது. டயரையோ காலையோ பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவ்வளவுதான் படம். இப்படி ஒரு முகத்துக்கு முன்னால் நின்றுகொண்டு போட்டோ தெளிவாக வந்திருக்கிறதா என்று பார்த்தவள் தான்தான் என்று நினைத்ததும் அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். தன்னையே ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது.

ஏழாவது வாரம் சமரசத்துக்குக் கம்பெனி இறங்கி வந்தது. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்தார்கள். நோட்டீஸுக்கு வாயெல்லாம் பல். தொகை நல்ல தொகை; கடை மூடிக் கிடந்த நாளுக்கெல்லாம் ஈடுகட்டி, மேலேயும் மிஞ்சும். கம்பெனி அம்மா பத்திரத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தாள். இந்த விபத்தில் யார் மேலும் எந்தத் தவறும் இல்லை. விபத்து தானாகவே வந்து, தானாகவே நடந்து, தானாகவே போய்விட்டது. இனி இரு தரப்பும் ஆயுள் உள்ளவரை இது குறித்து மன்னிப்புக் கேட்பதோ, கொடுப்பதோ, எதிர்பார்ப்பதோ இல்லை.

"ஆயுள் உள்ளவரைன்னா?" என்றாள் டீச்சர்.

"சாகற வரைக்கும் மேடம். ரெண்டு பேர்ல யார் முதல்லயோ, அது வரைக்கும்."

"கையெழுத்துப் போடுக்கா, நல்ல நேரம் பார்த்துத்தான் உக்காந்திருக்கோம்" என்று நோட்டீஸ் பேனாவை நீட்டினான்.

பேனாவைத் தையல்காரர் வாங்கிக்கொண்டார். மூடியைக் கழற்றினார். மறுபடி மூடினார்.

"ஒரு சந்தேகம்" என்றார். "இது கார் ஏறினதுக்குத்தானே?"

"ஆமா மாமா."

"ஏறின பிறகு நின்னுச்சே, அதுக்கு?"

நோட்டீஸ் பத்திரத்தைப் புரட்டினான். கம்பெனி அம்மாவும் தன் நோட்டைப் புரட்டினாள்.

"நின்னதுக்குத் தனியா கிளெய்ம் பாரம் கிடையாது மாமா. ஏறினது, நின்னது எல்லாம் சேர்த்து ஒரே விபத்து."

"ஏறினது யாருக்கும் நடக்கும். நான் நின்ன இடமும் தப்புதான்" என்றார் அவர். குரல் உயரவே இல்லை. "நின்னது அப்படி இல்லையே. அதுக்குப் பாரம் இல்லன்னா அது எங்க போகும்?"

நோட்டீஸ் பத்திரத்தை அவர் பக்கம் தள்ளினான். அவர் குனிந்து, கையெழுத்துப் போடுகிற இடத்தைத் தேட ஆரம்பித்தார். அவர் தலை குனிந்ததைப் பார்த்ததும் டீச்சருக்குள் ஏழு வாரமாக அடைத்துக்கொண்டிருந்தது உடைந்துவிட்டது.

"மன்னிச்சுக்கோங்க" என்றாள்.

"அக்கா!" என்று நோட்டீஸ் எழுந்ததில் நாற்காலி சாய்ந்தது.

"பயந்துட்டேங்க. உங்க பக்கம் திரும்பினா என்னத்தப் பார்ப்பேனோன்னு பயம். பாடத்துல இருக்கறது மட்டும்தான் ஞாபகம் வந்துச்சு, அதையே பிடிச்சுக்கிட்டேன். முதல்ல உங்ககிட்டதான் ஓடி வந்திருக்கணும். மன்னிச்சுக்கோங்க."

கம்பெனி அம்மா எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வாரம் ஒரே வீட்டில் டீ குடித்தவள், கல் நெஞ்சுக்காரியும் இல்லை.

"மேடம், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் மெதுவாக. "இந்த மன்னிப்பு எதுக்கு? ஏத்தினதுக்கா, நிறுத்தினதுக்கா? நிறுத்தினதுக்குன்னா அதுக்குப் பாரமே இல்ல, பாரம் இல்லாததுக்கு விதியும் இல்ல. நான் எதையும் எழுத வேண்டியதில்ல. பத்திரம் அப்படியே செல்லும்."

நோட்டீஸ் கைகூப்பாத குறை. 'நிறுத்தினதுக்கு' என்று உதட்டை அசைத்து அசைத்துக் காட்டினான். டீச்சருக்கும் அது புரியாமலில்லை. வாசல் திறந்துதான் இருந்தது, அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். அவள் கணவரைப் பார்த்தாள். ஏழு வாரத்தில் முதல் தடவையாக அவரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுக்கும்" என்றாள்.

கம்பெனி அம்மா பெருமூச்சு விட்டு, அந்த ஒரு வார்த்தையை எழுதிக்கொண்டாள். பத்திரத்தை இரண்டாகக் கிழித்தாள். நாற்காலியை மடக்கினாள். "வர்றேன் சார், வர்றேன் மேடம்" என்று முறையாகச் சொல்லிக்கொண்டுதான் போனாள். நோட்டீஸ் அவள் பின்னாலேயே, 'மேடம், அது உணர்ச்சிவேகம், அது சட்டத்துல சேராது' என்று வாதாடிக்கொண்டு தெரு வரை ஓடினான்.

வீட்டில் இருவர் மட்டும்தான். இனி என்ன வேண்டுமானாலும் பேசலாம். தையல்காரர் பரவாயில்லை என்று சொல்வார் என்று டீச்சர் காத்திருந்தாள். இப்போது அதைத் தடுக்க யாருமில்லை.

அவர் சொல்லவில்லை.

"நாலு நிமிஷம்" என்றார். "நாலு நிமிஷம் நின்னுச்சு."

டீச்சர் தரையில், அந்தக் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சொல்லுங்க" என்றாள். "முதல் நிமிஷத்துலேர்ந்து சொல்லுங்க. நான் கேக்கறேன்."

"முதல் நிமிஷம் எனக்கு வலியே பெருசாத் தெரியல" என்றார் அவர். "நீ கதவைத் திறந்து இறங்கினே. என்கிட்டதான் வர்றேன்னு நினைச்சேன்."