சாக்ஸ் போட்ட கார்

என் மனைவி டிரைவிங் டெஸ்டில் இரண்டு முறை கோட்டைவிட்டதற்குக் காரணம் ஒன்றே. கார் கண்ணாடியைப் பார்க்கவே மாட்டாள். "முன்னால போறவ எதுக்குங்க பின்னால பார்க்கணும்?" என்பது அவள் கட்சி.

மூன்றாவது டெஸ்ட் வெள்ளிக்கிழமை. வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ் வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை லைசென்ஸ் காட்டாவிட்டால் அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

இந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் கொல்லையில் ஒரு குருவி குடியேறியது. கறுப்பு வெள்ளை உடம்பு, தூக்கிய வால், விடியுமுன்பே கச்சேரி. வேலியிலிருந்து எலுமிச்சை மரம் வரைக்கும் பட்டா வாங்கியதுபோல ஒரு மிடுக்கு! எங்களோடு இருக்கும் என் மச்சினி அதற்கு 'ஜமீன்தார்' என்று பெயர் வைத்தாள்.

ஜமீன்தாருக்குக் கார் கண்ணாடிக்குள் இன்னொரு ஜமீன்தார் தெரிந்துவிட்டார். அவ்வளவுதான், கொத்து, உதை, எச்சம். என் சாக்ஸ் ஜோடியைக் கண்ணாடிகளுக்கு மாட்டினேன். அவர் சமையலறை ஜன்னலுக்குப் போனார். ஜன்னலில் தாள் ஒட்டினேன். என் மூக்குக்கண்ணாடிக்கு வந்தார்.

"மாமா, நீங்களும் மூஞ்சில ஒரு சாக்ஸ் மாட்டிக்கோங்க. பார்க்கிற எங்களுக்கும் நல்லது," என்றாள் மச்சினி.

ஆனால் வண்டி பழக வேண்டுமென்றால் சாக்ஸைக் கழற்றித்தானே ஆகவேண்டும்? கழற்றியதும் ஆஜராகிவிடுவார். கார் ஊர்ந்தால் கூடவே பறப்பார், நின்றால் குத்துவார். பக்கத்து வீட்டு வேலியோடு அவர் எல்லை முடியும். அங்கிருந்து அடுத்த வீட்டுக் குருவி பொறுப்பேற்றுக்கொள்ளும்!

"வர்றானா?" என்று இடப்பக்கக் கண்ணாடியைப் பார்ப்பாள் மனைவி. "ஐயோ, வந்துட்டான்!" என்று வலப்பக்கக் கண்ணாடியைப் பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை டெஸ்ட் மைதானத்தில் காரை நிறுத்தியதும், பழக்கதோஷம், இறங்கி சாக்ஸை மாட்டிவிட்டேன். அதிகாரி வந்து பார்த்தார்.

"ஏன் சார், காருக்குக் குளிருதா?"

அவசரமாய்க் கழற்றினேன். அவர் முன்சீட்டில் ஏறினார். அனுமதி கேட்டு நான் பின்சீட்டில். கிளம்புமுன் இடம், வலம், நடு என மூன்று கண்ணாடியையும் பார்த்தாள் மனைவி. திருப்பத்தில் பார்த்தாள். பிரேக் போடுமுன் பார்த்தாள். அதிகாரியே சந்தேகப்பட்டு ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

வண்டி நின்றதும் கேட்டார்: "போன ரெண்டு தடவையும் உங்களை ஃபெயில் பண்ணினது நான்தான். காருல கண்ணாடி இருக்குன்னே உங்களுக்குத் தெரியாது. இப்போ யாரும்மா கத்துக்கொடுத்தது?"

"எங்க வீட்டுக் குருவி, சார்."

அவர் வாயைத் திறப்பதற்குள் இடப்பக்கக் கண்ணாடியில் 'டொக்' என்று ஒரு குத்து. மைதானத்து ஜமீன்தார்!

"அந்த மதில்லேர்ந்து கிளம்பும்போதே பார்த்துட்டேன் சார்," என்றாள் மனைவி, நிதானமாக. என் கை தானாகச் சாக்ஸைத் தேடியது. அதிகாரி சிரித்த சிரிப்பில் பேனா இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாம் முறை எடுத்து, 'பாஸ்' என்று எழுதினார்.

வீட்டு வாசலில் கார் நின்றதுமே சாக்ஸும் கையுமாக இறங்கினேன். மனைவி தடுத்தாள்.

"இன்னைக்கு ஒருநாள் ஆசைதீரக் குத்திக்கட்டும், விடுங்க. வாத்தியாருக்கு ஃபீஸ் கொடுக்க வேணாமா?"