ஒன்பதாம் பக்கத்துச் செய்முறை

பதினோரு பிள்ளைகள், ஆளுக்கு இருபது பக்கம். உணவையும் விவசாயத்தையும் பற்றி உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆய்வுக் கட்டுரை எழுதும் போட்டி அது. வழிகாட்டும் பொறுப்பை உயிரியல் ஆசிரியையின் தலையில் கட்டியிருந்தார்கள். அவரும் மறுக்கவில்லை. ஆனால் வாரத்துக்கு இருபத்தெட்டு வகுப்பு எடுத்துக்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு, இருநூற்று இருபது பக்கத்தை வரி வரியாக யாரால் படிக்க முடியும்? முன்னுரையைப் பார்ப்பார், முடிவைப் பார்ப்பார், அட்டவணையில் கூட்டல் சரியா என்று பார்ப்பார். நடுவில் இருக்கும் செய்முறைப் பகுதியைப் பெரும்பாலும் தள்ளிவிட்டுப் போய்விடுவார். எப்படிச் செய்யப்போகிறார்கள் என்று ஆரம்பத்திலேயே கேட்டு ஒப்புதல் கொடுத்தாயிற்றே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார்.

அன்று புதன்கிழமை. விடிந்ததிலிருந்து மழை விடவில்லை. இரண்டாவது பாடவேளை அவருக்கு ஓய்வு. ஆசிரியர் அறையில் கணினியைத் திறந்ததும் முதலில் கிடந்தது வண்டுவின் கட்டுரை. காலை ஆறு ஐம்பதுக்கு அனுப்பியிருந்தாள்.

வண்டு என்பது வகுப்பு வைத்த பெயர். கோதுமையைத் துளைக்கும் வண்டுகளைப் பாட்டிலில் வளர்த்து, சாப்பாட்டு இடைவேளையிலும் அவற்றை எண்ணிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு வேறென்ன பெயர் கிடைக்கும்? அவளுக்கு அதில் கோபமே கிடையாது. தானியத்தைப் பூச்சியிடமிருந்து காப்பாற்ற எது நல்ல வழி என்பது அவளுடைய ஆய்வு. வெயிலில் காயவைப்பது, காய்ந்த இலைகளைப் போட்டுவைப்பது, காற்றுப் புகாத டப்பாவில் அடைப்பது என்று மூன்று வழிகள். முதல் வரைவில் அந்த மூன்றுதான் இருந்தன.

இப்போது நான்கு இருந்தன.

ஆசிரியை வழக்கம்போல நேராக அட்டவணைக்குப் போனார். நான்காவது வரிசையில், பன்னிரண்டு மணி நேரத்தில் வண்டுகள் மொத்தமும் செத்ததாகப் போட்டிருந்தது. முதலில் அவருக்குச் சந்தோஷம்தான் வந்தது. பரவாயில்லையே, பெண் கெட்டிக்காரிதான் என்று நினைத்தார். அப்படி என்ன வழி அது என்று பார்ப்பதற்காகத்தான் பக்கங்களைப் பின்னால் தள்ளினார். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது.

'நான்காவது வழி: அப்பா வேலை பார்க்கும் தானியக் கிடங்கில் போடும் பூச்சி மாத்திரை. அப்பாவின் பையிலிருந்து மூன்று எடுத்து, கோதுமை டப்பாவுக்குள் வைத்தேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை. டப்பாவை நானும் தம்பியும் தூங்கும் அறையில் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். மழை என்பதால் சன்னல்கள் மூடியிருந்தன. தொடங்கிய நேரம் செவ்வாய் மாலை ஆறரை. குறிப்பு: காலையில் அறையில் பூண்டு வாசனை. எனக்கு லேசான தலைவலி. தம்பி இரண்டு முறை வாந்தி எடுத்தான். இது ஆய்வோடு தொடர்பில்லாதது என்பதால் அட்டவணையில் சேர்க்கவில்லை.'

ஆசிரியை திரையிலிருந்து தலையைத் தூக்கினார். எதிர் மேசையில் வேதியியல் ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். குடுவை சார் என்றால்தான் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். எதற்கெடுத்தாலும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் மனிதர்.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்க."

"என்ன மேடம், வண்டு உங்களையே மிஞ்சிட்டாளா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்தவர், நாலு வரி படித்ததும் சிரிப்பை அப்படியே விழுங்கிவிட்டார். "மேடம், பேருதான் மாத்திரை. காத்துல இருக்கிற ஈரம் பட்டாலே விஷ வாயுவா வெளிய வரும். கிடங்குல ஆள் யாரும் இல்லாம வெளியேத்தி, பூட்டி, சீல் வெச்சப்புறம்தான் இதைப் போடுவாங்க. இந்தப் பொண்ணு இன்னைக்கு வந்திருக்காளா?"

வருகைப் பதிவைத் திறந்தார்கள். வரவில்லை.

அப்போதுதான் ஆசிரியைக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. போன மாதம் முதல் வரைவின் கடைசிப் பக்கத்தில் அவரே எழுதிய வரி: 'கிடங்குகளில் உண்மையிலேயே கையாளும் முறையோடு ஒப்பிடாமல் இந்த முடிவு எப்படி நிற்கும்?' எழுதும்போது நல்ல கேள்வியாகத்தான் தோன்றியது. அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த நான்காவது வழி.

பதிவேட்டில் அப்பாவின் எண் மட்டும் இருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. கிடங்குக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று வண்டு ஒருமுறை சொல்லியிருந்தாள். குடுவை சார் ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் சொன்னார். மழையில் இருபது நிமிடமாவது ஆகும் என்றார்கள். வீடு குடுவை சாரின் பைக்கில் எட்டு நிமிடத் தூரம்.

அந்த எட்டு நிமிடமும் ஆசிரியை பின்னால் உட்கார்ந்து, முகத்தில் அறையும் மழையில் கண்ணை மூடிக்கொண்டே போனார். மூடினால் ஒரு கட்டில் தெரிந்தது. திறந்தால் சிவப்பு விளக்கு தெரிந்தது. "போங்க சார், போங்க" என்று சிக்னலில் நின்ற வண்டியின் மேலேயே பதறினார்.

கீழே தையல் கடை, அதற்கு மேல் மூன்று மாடி. தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"மூணாவது மாடியா? இன்னைக்கு யாரும் கீழயே வரலையே. காலைல அந்தப் பையன் அழுத சத்தம் கேட்டுச்சு. அப்புறம் ஒண்ணும் கேக்கல."

அப்புறம் ஒண்ணும் கேக்கல. படிகளில் ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் அந்தச் சொற்கள் காதில் விழுந்தன. கதவைத் தட்டினார். சத்தமில்லை. இரண்டு கையாலும் அடித்தார். உள்ளே எதுவோ உராய்ந்தது. தாழ்ப்பாள் விலகியது.

வண்டு நின்றிருந்தாள். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. கையில் ஈரத் துண்டு.

"மிஸ்! லீவ் லெட்டர் நாளைக்குத் தந்துடறேன் மிஸ். தம்பிக்குச் சாப்பாடு ஏதோ ஒத்துக்கல."

அவளுக்குப் பின்னாலிருந்து வந்த பூண்டு நெடி ஆசிரியையின் மூக்கில் ஏறியது.

"டப்பா எங்க?"

"அங்கேயேதான் மிஸ். இப்ப எடுத்தா இருபத்துநாலு மணி நேரக் கணக்கு கெட்டுடும்."

"தம்பி?"

"உள்ள படுத்திருக்கான். அம்மாவும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல ராத்திரி வேலை முடிச்சு வந்து அவன் பக்கத்துலயே தூங்கிட்டாங்க."

"உள்ள போகாதீங்க மேடம், முகமூடியோட ஆளுங்க வரட்டும்" என்றார் குடுவை சார்.

சொல்லியிருக்கவே வேண்டாம். ஆசிரியையின் கால்கள் ஏற்கெனவே வாசலில் வேரோடிவிட்டன. தனக்கும் வீட்டில் பிள்ளை இருக்கிறது, தனக்கு ஏதாவது ஆனால் யார் பார்ப்பார்கள் என்றுதான் அந்த நேரத்தில் அவர் மனம் ஓடியது. பின்னாளில் இதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. பயந்து நின்றேன் என்றுதான் சொன்னார். பெரியவர்கள் இருவரும் நிற்பதைப் பார்த்த வண்டு, "என்ன மிஸ் ஆச்சு?" என்று கேட்டாள். பிறகு அவர்களின் முகத்திலேயே பதிலைப் படித்துக்கொண்டு, தம்பியை நோக்கித் திரும்பி உள்ளே ஓடினாள்.

அவள் முதுகைப் பார்த்ததும்தான் ஆசிரியையின் கால்கள் அசைந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். சின்ன அறை. கட்டிலில் சுவரோரம் பையன் சுருண்டு கிடந்தான், ஐந்து வயதிருக்கும். அவன்மேல் கையைப் போட்டபடி அம்மா. ஆசிரியை பையனை வாரி எடுத்தார். துணி மூட்டைபோலத் துவண்டு தோளில் விழுந்தான். வண்டு அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அந்த அம்மாள் கண்ணைத் திறந்து, எழ முயன்று, முடியாமல் சரிந்தார். அதற்குள் குடுவை சாரும் உள்ளே வந்துவிட்டார். அம்மாவின் கக்கத்தில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி, எல்லோரையும் மழை பெய்யும் திறந்த மாடிப்படிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். தரை வரைக்கும் இறங்கும்போதே மற்ற வீடுகளின் கதவுகளையும் தட்டி, வெளியே வாங்க, வெளியே வாங்க என்று கத்திக்கொண்டே வந்தார்.

மருத்துவமனையில் டாக்டர் எதையும் பூசி மெழுகவில்லை.

"இந்த விஷத்துக்கு மாற்று மருந்துன்னு எதுவும் கிடையாது. அம்மாவும் பொண்ணும் தேறிடுவாங்க. பையன் சின்ன உடம்பு, ராத்திரி முழுக்க அந்த வாயுவிலயே இருந்திருக்கான். இதயத் துடிப்பைப் பாத்துக்கிட்டே இருப்போம். நாளைக்குச் சாயந்தரம் தாண்டட்டும்."

அப்பா கிடங்கு உடுப்போடு ஓடி வந்தார். பையைப் பூட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தது தன் தப்பு என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார். வண்டு அழவில்லை. சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தாள், கூப்பிட்டால்கூடத் திரும்பவில்லை.

மறுநாள் காலையில் அம்மாவுக்கு எழுந்து உட்கார முடிந்தது. ஆசிரியை கட்டில் பக்கத்தில் போய் நின்றார்.

"அவ மேல கோபப்படாதீங்கம்மா. கிடங்குல செய்யறதோட ஒப்பிட்டுப் பாருன்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

அந்த அம்மாள் அவரையே பார்த்தார். "எப்படிச் செய்யப்போறான்னு கேட்டீங்களா டீச்சர்?"

"இல்ல."

திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது ஆசிரியைக்கு.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மற்ற பத்துக் கட்டுரைகளையும் போனிலேயே திறந்தார். செய்முறைப் பகுதியை மட்டும், ஒரு சொல் விடாமல் படித்தார். ஏழாவது கட்டுரையில் ஒரு பையன், காய்ச்சாத பால் எத்தனை நாளில் கெடுகிறது என்பதைத் தினமும் தானே குடித்துப் பார்த்து எழுதப்போவதாக இருந்தது. அவன் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் என்று உடனே அவன் வீட்டுக்கு அடித்தார்.

"டேய், குடிச்சியா?"

"இன்னும் இல்ல மிஸ். நாளைக்குத்தான் ஆரம்பம்."

"கீழ கொட்டு. இப்பவே கொட்டு. கொட்டற சத்தம் எனக்குக் கேக்கணும்."

குழாயடியில் பால் கொட்டும் சத்தம் கேட்டபிறகுதான் போனை வைத்தார்.

நாலு மணியளவில் பையனின் துடிப்பு தாறுமாறாக ஓடியது. நர்சுகள் ஓடினார்கள், கதவு மூடியது. அப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் யாரும் வெளியே வரவில்லை. ஆசிரியை கதவின் கண்ணாடியைப் பார்க்கவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல் தவித்தார். டாக்டர் வந்தபோது அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கும் துணிச்சல் அங்கே யாருக்குமே இல்லை.

"அடங்கிடுச்சு. இனிமே பயம் குறைவு" என்றார்.

பையன் பிழைத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் கேட்டான், மதியம் வீட்டுக்குப் போகணும் என்று அடம்பிடித்தான். நடந்ததையெல்லாம், தான் எழுதிய வரியையும் சேர்த்து, ஆசிரியை தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்தார். போட்டிப் பொறுப்பிலிருந்து தற்காலிகமாக விலக்கினார்கள். அது சரிதான் என்றே அவருக்குப் பட்டது.

அடுத்த வாரம் அந்த அம்மாளே பள்ளிக்கு வந்தார். மெலிந்திருந்தார். வண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"கட்டுரையை மறுபடி எழுதணும்னு கேக்கறா டீச்சர். போட்டிக்கு இல்லையாம். சும்மா, முடிக்கணுமாம். பழைய மூணு வழியை மட்டும் வெச்சு."

வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் ஆசிரியைக்கு உடம்பு முழுக்கத் துடித்தது. வண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுதட்டும்" என்றார். "முதல் வரியிலிருந்து நான் கூடவே உட்கார்ந்துக்கறேன்."

"நானும் உட்கார்றேன்" என்றார் அம்மா. நாற்காலியை இழுத்து இருவருக்கும் நடுவில் போட்டுக்கொண்டார்.