காலித்தை எனக்குத் தெரியும்

1

இப்போதெல்லாம் போனில் பேசுகிற எவனையும் நம்ப முடிவதில்லை. பார்சல் வந்திருக்கிறது என்கிறான், பேங்க் கார்டு முடங்கிவிட்டது என்கிறான், உன் பிள்ளை போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறான் என்கிறான். பேசுகிறவனுக்கு முகம் இல்லை, ஊர் இல்லை, வெட்கமும் இல்லை. ஏமாறுகிறவனுக்குப் புத்தி இல்லை. ஏமாந்ததையும் வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறான்.

ஆனால் இந்தக் கதை அந்தக் கோபத்திலிருந்து வரவில்லை. ஒரு வெள்ளைத் தாளிலிருந்து வந்தது. வக்கீல் பார்த்திபன் கொடுத்த தாள். "காலித்த உங்களுக்கு எப்படித் தெரியும்னு உங்க கைப்பட ஒரு பக்கம் எழுதிக்கினு வாங்க. நான் டைப் பண்ணி அஃபிடவிட் ஆக்கிடறேன். கீழ கையெழுத்து, போன் நம்பர், அவ்ளோதான்" என்றார்.

ஐந்தாவது வரை படித்தவனுக்கு ஒரு பக்கம் என்பது சின்ன வேலை இல்லை. உட்கார்ந்தது போன வியாழக்கிழமை. இது ஒன்பதாவது தாள்.

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. முன்பின் தெரியாதவர்களிடம் வாயே திறக்கக் கூடாது என்று என் மகள் மஞ்சு சொல்லியிருக்கிறாள். அதையும் மீறித்தான் சொல்கிறேன்.

2

முதல் தாள் இப்படி ஆரம்பிக்கிறது:

"காலித், தகப்பனார் பெயர் அமீர் ஜான். அவன் பிறந்த நாளிலிருந்து எனக்கு அவனைத் தெரியும். அவன் இந்தியன். செஞ்சிக்காரன். நான் அவனை —"

அதோடு நிற்கிறது.

இரண்டாவது:

"காலித் வீட்டுக்கு நேர் எதிரே எனக்குப் பஞ்சர் கடை. கடை ஷட்டரில் என் போன் நம்பரை மஞ்சள் பெயிண்டில் எழுதியதே அவன்தான். அந்த நம்பர் —"

இதுவும் நிற்கிறது.

மூன்றாவது தாளில்தான் கை ஓடியது. காரணம், 'நான்' என்று போடவில்லை. 'பெரியதம்பி' என்று போட்டேன். என் பேர் அதுதான். ஆனாலும் அப்படி எழுதியதும் அது யாரோ ஒருத்தன் சமாச்சாரம் மாதிரி ஆகிவிட்டது. இனி அப்படியே போகட்டும். வக்கீல் ஒத்துக்கொள்ள மாட்டார். கதை ஒத்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன்.

3

காலித்துக்கு இருபத்தாறு வயது. ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் வேலை. தமிழ்நாட்டு போர் வண்டிகள் வடக்கே எங்கெங்கோ போய் மாதக்கணக்கில் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கும். ஆட்களுக்கு லாரிப் பக்கத்திலேயே சமையல், லாரிக்கு அடியிலேயே தூக்கம். (எந்த மாநிலம் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.)

சித்திரை வெயிலில் ஒரு நாள் அவன் மளிகை வாங்கச் சந்தைக்குப் போனான். தாடி இருந்தது. கைலி கட்டியிருந்தான். இந்தி நாலு வார்த்தைக்கு மேல் வராது. அன்றைக்குச் சந்தையில் போலீஸ்காரர்கள் பங்களாதேஷ்காரர்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பேர் கேட்டார்கள். சொன்னான். அதுவே போதுமாக இருந்தது.

ஆதார் லாரியில். போனும் லாரியில், சார்ஜில். லாரி அதற்குள் அடுத்த பாயிண்டுக்கு, அடுத்த கிணறு போடுகிற இடத்துக்கு, கிளம்பிவிட்டது. இந்தியா என்றான், தமிழ்நாடு என்றான், செஞ்சி என்றான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையையும் வரிசையாகச் சொன்னான். கேட்டவனுக்கு மூன்றும் ஒன்றுதான். கடைசியில், ஊரில் யாருக்காவது போன் போடு என்றார்கள்.

இந்தக் காலத்தில் யாருக்கு யார் நம்பர் மனப்பாடம்? பெற்ற அப்பன் நம்பரே அவனுக்குத் தெரியாது. எட்டு வருஷமாக வாசலில் நின்று பல் விளக்கும்போதெல்லாம் பார்த்த, தன் கையால் எழுதின நம்பர் ஒன்றுதான் தெரியும்.

பெரியதம்பி அப்போது ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஹலோ, செஞ்சி? தமில்நாடு? போலீஸ். காலித் மாலூம்?"

பெரியதம்பிக்குச் சிரிப்பு வந்தது. முந்தின வாரம்தான் மஞ்சு சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். அவள் பேங்கில் வேலை பார்க்கிறவள். "நைனா, போலீஸ்னுதான் சொல்லுவான். தெரிஞ்சவங்க பேரையே சொல்லுவான். ஆமான்னு மட்டும் சொல்லிடாத. சொன்னியோ, மாட்டிக்கினே."

"எந்தக் காலித்து? அப்டி யாரும் இங்க கெடையாது" என்றான் பெரியதம்பி.

அந்தப் பக்கம் ஏதோ பேச்சு. பிறகு தமிழில் ஒரு குரல்.

"மாமா, நான்தான் மாமா, காலித்து. ஸ்பீக்கர்ல போட்டுக்கிறாங்க. நான் நம்மூர்னு மட்டும் சொல்லு மாமா. இந்தியான்னு சொல்லு."

குரல் அவன் குரல்தான். அதில்தான் பெரியதம்பியின் சந்தேகம் உறுதியானது. மஞ்சு அதையும் சொல்லியிருந்தாள். இப்போது கம்ப்யூட்டரே ஆள் குரலில் பேசுமாம். அச்சு அசலாக இருக்குமாம். அழக்கூட அழுமாம்.

"இன்னாடா, கொரலையும் திருடிக்கினியா? நல்லாத்தான் பேசற. எவன்டா நீ? எந்த நாட்டுக்காரன்டா?"

"மாமா, ஷட்டர்ல நாலு கோணலா எழுதிட்டேன்னு திட்டுனியே மாமா —"

கட் பண்ணிவிட்டான்.*

* நம்பரில் நாலு கோணலாக இருந்தது நிஜம். அது எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரிய வழியில்லை. இது பெரியதம்பிக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. வண்டிக்காரன் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். டியூபில் ஓட்டை கிடைத்துவிட்டது.

4

இந்த இடத்தில் பெரியதம்பி என்கிற ஆள்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நீங்களே கேட்பீர்கள்: எதிர் வீட்டுக்குப் போய் "பாய், காலித்து எங்க இருக்கான்?" என்று கேட்டிருந்தால் என்ன? ரோட்டைத் தாண்டப் பன்னிரண்டு அடி.

அமீர் ஜான் ஊரில் இல்லை என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இருந்தான். வாசலில் உட்கார்ந்து கோணி தைத்துக்கொண்டிருந்தான். மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வருகிற நாட்களில் கிழிந்த கோணி வாங்கித் தைத்து விற்பது அவன் தொழில். ஊசியை வாயில் கவ்விக்கொண்டு பெரியதம்பியைப் பார்த்துத் தலையை ஆட்டினான்கூட.

பெற்றவன் பயந்துபோவான், எதற்கு என்று சொல்லவில்லை. இப்படித்தான் மஞ்சுவிடம் சொன்னேன். (சொன்னான்.) ஆனால் டீக்கடையில் சொன்னான். "எங்கிட்டயேவாடான்னு போன கட் பண்ணேன் பாரு!" என்று சொன்னான். மாஸ்டர் ஒரு டீயைச் சும்மா கொடுத்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. சின்ன வயதில் பெரியதம்பியை யாரும் முதலில் பேர் கேட்டதில்லை. எந்தத் தெரு என்று கேட்பார்கள். தெருவைச் சொன்னால் டம்ளர் மாறும். யார் நீ, எந்தப் பக்கம் என்று கேட்கப்படுவது என்னவென்று தெரிந்த ஆள் அவன். அந்தக் கேள்வியை அவனே கேட்டான். கதையில் இது எங்கே வர வேண்டும் என்று தெரியவில்லை. இங்கே வைத்துவிட்டேன்.

5

நாற்பது நாள் கழித்துக் காலித்தை இன்னும் பத்துப் பேரோடு வண்டியில் ஏற்றி எல்லைக்குக் கொண்டுபோனார்கள். நட என்றார்கள். நடந்தான். அந்தப் பக்கம் போனதும் அங்கே பிடித்துக்கொண்டார்கள். அங்கேயும் அதையே சொன்னான்: நான் இந்தியன்.

அங்கே உடனே நம்பிவிட்டார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்த இந்தியன் என்று ஜெயிலில் போட்டார்கள்.

அதுவரை அமீர் ஜான், மகன் டவர் கிடைக்காத காட்டில் இருக்கிறான் என்றே நினைத்திருந்தான். வேலை பிடிக்காமல் எங்கேயோ போய்விட்டான் என்று வண்டி மேனேஜர் சொன்னதையும் அவன் நம்பவில்லை. ஆடி மாதத்தில், யாரோ செஞ்சிப் பள்ளிவாசல் நம்பரைத் தேடிப் பிடித்து அமீர் ஜான் நம்பரை வாங்கிக்கொடுத்து, ஜெயிலிலிருந்து போன் வந்தது. இரண்டு நிமிஷம். பேசி முடித்து, ரோட்டைத் தாண்டி வந்து பஞ்சர் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"இந்தியான்னு நம்புறதுக்கு அவன் அந்த நாட்டுக்குப் போவ வேண்டியதா இருந்துது, பாரு பெரியதம்பி" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை. மூன்று முறை எழுதி அடித்தேன்.

இரண்டு நிமிஷத்தில் காலித் வேறு என்ன சொன்னான் என்று பெரியதம்பி கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

பிறகு வக்கீல், காலித்தைப் பிடித்த போலீஸ் எழுதிவைத்த ஒரு பேப்பரின் ஜெராக்ஸை வரவழைத்தார். இங்கிலீஷ். அமீர் ஜான் அதை மஞ்சுவிடம் கொண்டுவந்தான். அவள் படித்துத் தமிழில் சொன்னாள்: பிடிபட்டவன் கொடுத்த நம்பரில் விசாரித்தோம், பேசிய நபர் அப்படி யாரும் இல்லை என்றார், எந்த நாட்டுக்காரன் என்று அவரே திருப்பிக் கேட்டார்.

"நம்பர் போட்டுக்குதாம்மா?" என்றான் அமீர் ஜான்.

மஞ்சு பேப்பரைப் பார்த்தாள். பிறகு அப்பனைப் பார்த்தாள்.

"கடைசி ரெண்டு நம்பர் மை அப்பிக்கிது மாமா. தெரியல."

அது நிஜம். ஆனால் முதல் எட்டு நம்பர் தெரிந்தது.

மறுநாள் பெரியதம்பி ஷட்டரில் கறுப்பு அடித்தான். இரண்டு கோட் அடித்தும் மஞ்சள் லேசாக எட்டிப் பார்த்தது. அமீர் ஜான் எதிர் வாசலில் இருந்து குரல் கொடுத்தான்.

"இன்னா பெரியதம்பி, நம்பர அழிச்சிட்ட?"

"போன் தொல்ல தாங்கல பாய்."

"காலித்து எழுதுனது."

"தெரியும்."

"நாலு கோணலா இருக்கும்" என்றான் அமீர் ஜான். மறுபடி ஊசியில் சணல் கோத்தான்.

தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா? இதை எழுதுகிறவன் நான்தான், ஆனால் எனக்கு இது தெரியாது.

6

முடிவு எழுத வேண்டும். வக்கீல் அமீர் ஜானிடம் சொன்னது இது, பெரியதம்பியும் பக்கத்தில் இருந்தான்: "அக்கம்பக்கத்துல சாட்சி குடுத்தா நல்லதுதான், ஆனா வருஷம் ஆவும். அன்னிக்கி போன்ல பேசுன ஆளே வந்து, அது என் நம்பர்தான், தப்பா சொல்லிட்டேன்னு எழுதிக் குடுத்தா கத வேற. பையன் சீக்கிரம் வந்துருவான். அந்த ஆள எங்கன்னு போய்த் தேடறது?"

அமீர் ஜான் பெரியதம்பியைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான். "நீ சாட்சிக் கையெழுத்துப் போடுவ இல்ல?"

"போடாம?"

முடிவு ஒன்று. காலித் வந்துவிடுகிறான். பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்து, "பரவால்ல மாமா, நீ இன்னா பண்ணுவ" என்கிறான். இதை எழுதிவிட்டு அடித்தேன். அவன் அப்படிச் சொல்லக்கூடியவன்தான். அதனால்தான் அடித்தேன்.

முடிவு இரண்டு. மஞ்சு ஒரு புது சிம் வாங்கி வந்திருக்கிறாள். "நைனா, இந்த நம்பரப் போடு. எழுதுறது எதுவும் பொய் இல்ல. காலித்த உனக்குத் தெரியும், அவ்ளோதான?" அவள் சொல்வது சரி. பெரியதம்பி கையெழுத்துப் போடுகிறான். அமீர் ஜான் பெஞ்சில் உட்காருகிறான். எல்லாம் பழையபடி. காலித் மட்டும் இன்னும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் —

முடிவு மூன்று. பழைய நம்பரை எழுதுகிறான். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்கிற அந்த வரியையும் எழுதுகிறான். வக்கீல் டைப் பண்ணி உரக்கப் படிக்கிறார். அமீர் ஜான் கேட்டுக்கொண்டிருக்கிறான். அதற்கு மேல் எழுத வரவில்லை. அமீர் ஜான் முகத்தை எப்படி வைத்தாலும் சரியாக வரவில்லை. கோபமாக வைத்தால் தாங்கவில்லை. கோபம் இல்லாமல் வைத்தால் அதைவிடத் தாங்கவில்லை. அவனுக்கு வேறு வாசல் இல்லை, எனக்கு வேறு கடை இல்லை.

7

நாளைக் காலை பத்து மணிக்குத் தாளைக் கொடுக்க வேண்டும். கீழே பத்து இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்குச் சரி என்று படுகிற நம்பரை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

காலித்தை எனக்குத் தெரியும். அவன் இந்தியன்.
போன்: _ _ _ _ _ _ _ _ _ _

பழைய நம்பரைத்தான் போடுவீர்கள். எனக்குத் தெரியும். உங்களுக்கு எதிர் வீடு இல்லை.

பெரியதம்பி தாள்களை மடித்துப் பழைய டியூப் பெட்டிக்குள் திணித்தான். ஷட்டரை இறக்கினான். எதிரே அமீர் ஜான் குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தான். பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தான்.

படித்துவிட்டு நீங்கள் "புரியுது பெரியவரே, உங்க நெலம புரியுது" என்பீர்கள். அச்சு அசலாக மனுஷக் குரல் மாதிரியே இருக்கும். அழக்கூட அழுவீர்கள். அவன் நம்பவில்லை. நடந்து போகிறான்.