மாடி அறையில் குடியிருக்காதவர்

கல்வி மந்திரி ஆகப்போகிற பேராசிரியர் பியோ, ஒரு பெட்டி பேரிக்காயோடு டோஃபு கடை வாசலில் வந்து நின்றார். கடை நடத்தும் மால்சூனுக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. கட்டடம் அவருடையது. இதுவரை வாடகை ஏற்றத்தான் வந்திருக்கிறார், பழத்தோடு வந்ததில்லை.

"அக்கா, மந்திரி ஆகுறதுக்கு முந்தி நாடாளுமன்றத்துல என்னை விசாரிப்பாங்கல்ல, அதுக்கு உங்களைச் சாட்சியாக் கூப்பிட்டிருக்காங்களாமே. நாங்க உங்க மாடியில கொஞ்ச நாள் இருந்தோம்னு சொன்னாப் போதும்."

"மாடியில சோயா மூட்டைதானே இருந்துச்சு. எலிகூட இருந்துச்சு. உங்களைப் பார்த்த ஞாபகம் இல்லையே ஐயா."

பேரிக்காய் காருக்கே திரும்பியது.

மகளை அந்த வட்டாரத்துப் பெயர்பெற்ற பள்ளியில் சேர்ப்பதற்காக, குடும்பத்தோடு மாடி அறையில் வசிப்பதாகப் பியோ அந்தக் காலத்தில் முகவரி பதிந்தார். சியோலில் பெரிய மனிதர்களுக்கு அது சளி பிடிப்பது போல. எல்லாருக்கும் ஒருமுறை வரும். வாடகைக்கு இருப்பவள் என்ன பேச முடியும்? பள்ளி நிரம்பிப்போய், நிஜமாகவே அங்கே குடியிருந்த அவள் மகன் டேஷிக்கை ஆற்றுக்கு அக்கரைப் பள்ளிக்குத் தள்ளினார்கள். மந்திரி நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் மால்சூனுக்கு ஒன்றுதான். 'நான் அங்கே குடியிருக்கவே இல்லை' என்று பியோ தன் வாயாலேயே, எல்லார் எதிரிலும் சொல்லவேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு.

விசாரணையன்று கடையைப் பூட்டிவிட்டு, கல்யாணத்துக்குப் போடும் கோட்டோடு நாடாளுமன்றத் தாழ்வாரத்தில் காத்திருந்தாள். சுவரிலிருந்த டிவியில், நாடாளுமன்ற வாசலில் நிருபர்கள் நடுவே பியோ தெரிந்தார். உச்சி வகிடு தெரியும்படி குனிந்து எழுந்தார்.

"சட்டப்படி நான் எக்குற்றமும் செய்யவில்லை. எனினும் அதிபருக்குப் பாரமாக இருக்க விரும்பாமல், நானே முன்வந்து விலகுகிறேன்."

அவளைச் சாட்சியாகக் கூப்பிட்ட எதிர்க்கட்சி உறுப்பினர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஜெயிச்சிட்டோம்மா. ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"நான் இன்னும் வாயே திறக்கலியே."

"இனி எதுக்கு? பதவியே வேணாம்னவரை யாரு விசாரிப்பா? கூட்டம் ரத்து."

"அப்ப பொய் சொன்னது?"

"உள்ள வந்து உட்கார்ந்திருந்தாத்தானே பேசினது பதிவாகும். அதுக்குத்தான் வாசப்படியோட திரும்பிட்டார். விவரமான ஆளு. ஆறு மாசம் போனா ஏதாவது வாரியத் தலைவர் ஆயிடுவார். அதுக்கு விசாரணை கிடையாது."

"உங்காளுங்களும் இப்படித்தானா?"

உறுப்பினர் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து மகனுக்குப் போன் போட்டாள்.

"விடும்மா," என்றான் டேஷிக். "இங்கேயும் டிவியில ஓடிச்சு. எங்க மேனேஜர், மானஸ்தன்யா, பதவியைத் தூக்கி எறிஞ்சிட்டான்னு உருகுறார்."

"நீ என்ன சொன்ன?"

"மேனேஜர்கிட்ட என்ன சொல்றது? தலையாட்டினேன்."

மால்சூனுக்குக் காது சுட்டது. அந்த ஆள் பொய்யை மட்டுமா எடுத்துப்போனார்? மானத்தையும் தன் பெயரில் பதிந்துகொண்டு போய்விட்டார். அதற்கு இவள் பெற்ற பிள்ளையே தலையாட்டுகிறான்.

"உன் ஆபீஸ் எந்த மாடி?"

"அம்மா, வேணாம். எனக்கு வேலை போயிடும்."

"தலையாட்டுற வேலைதானே."

போனை வைத்துவிட்டு டாக்சியை நிறுத்தினாள்.

அலுவலக வரவேற்பில் இருந்த பெண் எழுந்து வணங்கினாள். "யாரைப் பார்க்கணும் மேடம்?"

"மேனேஜரை."

"யாரு வந்திருக்கீங்கன்னு சொல்லட்டும்?"

"சாட்சி வந்திருக்குன்னு சொல்லு."