அவர் பங்குக்கு ஒரு வாய்

லிஃப்ட் மெக்கானிக் செத்துப்போன பிறகும் காலையில் சிகரெட் பிடிப்பதை நிறுத்தவில்லை.

வேலைக்குப் போகிற வழியில், பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் அவர். எல்லாம் முடிந்து, வந்த உறவுக்காரர்கள் கிளம்பிப்போன மறுநாள் காலை, அவர் மனைவி டீக்குத் தண்ணீர் வைத்தபோது அந்த வாசனை வந்தது. பின்பக்க பால்கனியில், வாஷிங் மெஷினுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே அவர் எப்போதும் நிற்கிற இடத்திலிருந்து. புகையிலை, அதற்கடியில் கொஞ்சம் கிரீஸ், அதைத் தேய்த்துக் கழுவுகிற சோப்பு.

முதலில் கீழ் வீட்டு டிரைவர்மேல்தான் சந்தேகப்பட்டாள். போய்க் கேட்டதும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நானா? நான் ஒண்ணு பத்த வச்சா என் வீட்டுக்காரி என்னையே பத்த வச்சிடுவாம்மா."

சில நாள் பயத்தில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு டீ குடித்தாள். பிறகு பயம் பழக்கமாகி, பழக்கம் ஆசையாகி, அலாரம் அடிக்கும் முன்பே எழுந்து துணி உலர்த்தப் போய் நிற்க ஆரம்பித்தாள். "காலங்காத்தாலயே ஆரம்பிச்சாச்சா?" என்று பழையபடி வெறும் இடத்தைத் திட்டினாள். திட்டி முடித்தால்தான் அன்றைய பொழுது நகர்ந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. ஒருநாள் முதலாளி அவள் பக்கம் குனிந்தவர், மூக்கைச் சுளித்துச் சட்டென்று நிமிர்ந்தார்.

"என்னம்மா, புதுப் பழக்கம் ஏதாவது?"

அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் ஒரு சந்தோஷமாகவும் இருந்தது. மகளிடம் மட்டும் மூச்சு விடவில்லை. கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறவள், அழுது ஓய்ந்து இப்போதுதான் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள்.

அப்படியே வருஷப் பிறப்பும் வந்தது. அம்மாவும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாமென்று நாத்தனார் முதல் நாளே பெட்டியோடு வந்துவிட்டாள். காலையில் குளித்ததும் குக்கரில் பருப்பை ஏற்றினாள்.

இந்தப் பருப்பு விஷயம் பரம்பரைச் சமாச்சாரமெல்லாம் இல்லை. கூட வேலை பார்த்த யாரோ, "எங்க வீட்டுல வருஷத்து முதல் சாப்பாடு பருப்புதான், காசு மாதிரி வட்டமா இருக்கு பாரு, வருஷம் பூரா காசு சேரும்" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து இவர் வீட்டிலும் அது சட்டமாகிவிட்டது. காசு சேர்ந்தபாடில்லை. அதற்குமேல் தானாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்: முதல் வாய் எடுத்ததும், இந்த வருஷம் என்ன செய்யப் போகிறோம் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் விழுங்கலாம். சொன்னது பலிக்குமாம். அவர் சொல்வது எப்போதும் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு தடவையும் பலித்ததில்லை.

மகள் மேஜையில் தட்டுகளை வைத்தாள். நாலு தட்டு. நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு நாலிலும் பருப்பைப் பரிமாறினாள்.

"முதல்ல நான். இந்த முழங்காலை வச்சுக்கிட்டே தினமும் பார்க்கைச் சுத்தி நடக்கணும்," என்று சொல்லி விழுங்கினாள்.

"நான் கார் ஓட்டக் கத்துக்கணும்," என்றாள் மகள். "அம்மா, நீ?"

"எனக்கென்ன இருக்கு? கடைக்கு நேரத்துக்குப் போய்ச் சேரணும். அவ்வளவுதான்."

மகள் நாலாவது தட்டைப் பார்த்தபடி, "அப்பாவுக்கு யாரு சொல்றது?" என்றாள்.

"அவன் என்னத்தைச் சொல்லியிருப்பான்? வருஷா வருஷம் விடற கதைதான்," என்று நாத்தனார் சிரித்தாள். சொல்லும்போதே கண் கலங்கியது.

என்ன தோன்றியதோ, அம்மா அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு கரண்டி எடுத்து, அவரைப் போலவே நெஞ்சில் கை வைத்துத் தொண்டையைச் செருமினாள். "சத்தியமாச் சொல்றேன், கேட்டுக்குங்க. இந்த வருஷத்தோட சிகரெட்டுக்குத் தலைமுழுக்கு."

சொல்லி விழுங்கியும் விட்டாள்.

நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய் அம்மாவையே பார்த்தாள். பாவம், அப்பா நினைப்பு வந்துவிட்டது என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பால்கனியில் ஈரத்துணி வாசனை மட்டும்தான் இருந்தது.

காற்று மாறி அடிக்கிறதோ என்று நினைத்தாள். அடுத்த நாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க டீ ஆறி ஆடை கட்டும் வரை அங்கேயே நின்றாள். கடைசியில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உயிரோட இருந்தப்ப நான் தொண்டை கிழியக் கத்தினேனே, ஒரு நாளாவது காதுல போட்டீங்களா? இப்பதான் சொன்ன சொல்லைக் காப்பாத்தத் தோணுச்சா?"

அன்று சாயங்காலம் கடையிலிருந்து வருகிற வழியில் பெட்டிக்கடையில் நின்று அவர் பிடிக்கிற சிகரெட்டையே கேட்டாள். கடைக்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் பால்கனிக்குப் போய், அடுப்புப் பற்றவைக்கிற லைட்டரால் அதைப் பற்றவைத்தாள். புகை வந்தது. வெறும் புகை. யார் வேண்டுமானாலும் விட்டிருக்கக்கூடிய புகை. இருமல் பிடுங்கியெடுத்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது.

பின்னால் மகள் நின்றிருந்தாள்.

"அது இல்லம்மா. கிரீஸ் வாசனை இருக்கணும்."

அவள் கையிலிருந்த சிகரெட் கீழே விழுந்தது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் நீ கடைக்குப் போனதும் இங்க வந்து நிப்பேன். கொஞ்சம் மிச்சம் இருக்கும்." மகளின் குரல் உடைந்தது. "உங்கிட்டச் சொன்னா நீ பயந்துடுவியோன்னு சொல்லல. நீ ஏம்மா அப்படிச் சொன்னே? சும்மா ஏதாவது சொல்லியிருக்கலாம்ல?"

"விளையாட்டுக்குச் சொன்னேன்டி..."

"அப்பா எதை விளையாட்டா எடுத்துக்கிட்டாரு?"

அந்த ராத்திரி மகள் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளே பருப்பு வேகவைத்தாள். நாத்தனார் ஊருக்குப் போய்விட்டதால் இந்தத் தடவை மூன்று தட்டு. அப்பா தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து, "விட வேண்டாம்ப்பா. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்," என்று சொல்லி விழுங்கினாள். இருவரும் கையைக்கூடக் கழுவாமல் பால்கனிக்கு ஓடினார்கள். கீழ் வீட்டில் எதையோ தாளிக்கிற வாசனை வந்தது.

வருஷத்தின் முதல் வாய்க்குத்தான் அந்தச் சக்தி போலிருக்கிறது.

அதன் பிறகு அவள் அங்கே போய் நிற்பதை விட்டுவிட்டாள். துணியைக் கொடியில் போட்ட கையோடு உள்ளே வந்துவிடுவாள். மகளும் ஒரு மாதிரி இறுகிப்போனாள். கேட்டதற்கு மட்டும் பதில். பால்கனி வீட்டில் எல்லோருக்கும் மறந்துபோன இடமாகிக் கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு காலை, துணி உலர்த்தக் கிளிப்புக் கூடையில் கைவிட்டவளுக்கு ஒரு கிளிப் தனியாக வரவில்லை. ஒன்றை இழுக்க, அதைக் கவ்விக்கொண்டு இன்னொன்று, அதைக் கவ்விக்கொண்டு இன்னொன்று என்று சங்கிலியாக வந்தது. கூடையில் இருந்த எல்லாமே அப்படித்தான்.

"என்னடி இது, சின்னப் புள்ளையா நீ?" என்று குரல் கொடுத்தாள்.

மகள் தூக்கக் கலக்கத்தோடு வந்து பார்த்தாள். "நான் தொடவேயில்லையே."

இருவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தைப் பார்க்க இரண்டு பேருக்குமே தைரியம் வரவில்லை.

அவள்தான் முதலில் பேசினாள், பக்கத்தில் இருப்பவர் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக.

"நிஜமாவே விட்டுட்டாருடி. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

மகள் சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். கிளிப்புகளைத் தரையில் கொட்டி, இருவரும் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.