பாக்கலாம்

ஆமாவுக்கு ஆமா, இல்லைக்கு இல்லைன்னு தமிழ்ல ரெண்டு நல்ல வார்த்தை இருக்கு. அப்படி இருக்கும்போது எங்கம்மா எதுக்கு மூணாவதா ஒண்ணை வச்சுக்கிட்டு ரெண்டு வருஷமா என் உயிரை எடுத்துச்சுன்னு யாராவது எனக்கு விளக்கிச் சொல்லுங்க.

என் பேரு கயல். சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம், இப்போ இருக்கிறது அமெரிக்காவுல, டெக்சாஸ்ல கேட்டின்னு ஒரு ஊர். ஒரு எனர்ஜி கம்பெனியில டேட்டா பாக்கிற வேலை. எனக்கு ஆட்டிசம்னு போன வருஷம்தான் டாக்டர் எழுதிக் குடுத்தாங்க. அதுவரைக்கும் முப்பத்திநாலு வருஷம் அதுக்கு எங்க வீட்ல வேற பேரு: திமிரு.

விஷாகா சென்னைப் பொண்ணு. நானும் அவளும் நாலு வருஷமா ஒரே வீட்ல இருக்கோம். கல்யாணம் பண்ணிக்கலாம்னு முடிவு பண்ணின அன்னைக்கே அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். "அம்மா, நானும் விஷாகாவும் கல்யாணம் பண்ணிக்கப் போறோம். நீ வருவியா?" அம்மா சொல்லுச்சு, "பாக்கலாம் கண்ணு."

சரி, யோசிக்குது, யோசிக்கட்டும்னு நான் விட்டுட்டேன். யோசிக்கிற மனுஷியை நச்சரிக்கக் கூடாதில்ல? அதனால நாள் குறிக்கல. ரெண்டு வருஷம்.

இந்த செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை, நான் துணி மடிச்சிட்டு இருக்கேன், விஷாகா வந்து முன்னாடி நின்னா. "தீபாவளிக்குள்ள ஒரு தேதி சொல்லு. இல்லன்னா ஆபீஸ்ல டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டு கலிஃபோர்னியா போயிடறேன். என்னைக் கல்யாணம் பண்ணிக்க இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லிடு, ஏன் இப்படி இழுத்தடிக்கிற?"

"யாரு இழுத்தடிக்கிறா? அம்மாதான் இன்னும் பதில் சொல்லலையே."

"ஐயோ, அவங்க அன்னைக்கே சொல்லிட்டாங்கடி! பாக்கலாம்னா இல்லைன்னு அர்த்தம். ஊரு உலகத்துக்கே தெரியும்."

நான் கையில சாக்ஸோட அப்படியே நின்னேன். அவ என் மூஞ்சியையே பாத்தா. "நிஜமாவே உனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் சாக்கு சொல்றேன்னு நினைச்சேன்." அப்படிச் சொல்லிட்டு அழ ஆரம்பிச்சுட்டா. ரெண்டு வருஷம் அவ என்னைக் கோழைன்னு நினைச்சுட்டே எனக்குக் காப்பி போட்டுக் குடுத்திருக்கா. எனக்குக் கோவம் வந்துது, யார் மேலன்னுதான் தெரியல.

புதன்கிழமை வெண்பாகிட்ட சொன்னேன். வெண்பா என் தெரபிஸ்ட். வாரம் ஒரு தடவை வீடியோவில பேசுவோம். நியூ ஜெர்சியில ஈஸ்ட் பிரன்ஸ்விக்ல பொறந்து வளந்தவ. நான் பேசற தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷ்ல வரும். அதை நான் தமிழ்லயே எழுதிடறேன். முதல் நாளே சொல்லிட்டா, "நான் சும்மா தலையாட்டிட்டு உக்கார மாட்டேன். எனக்கு ஒண்ணு தோணினா சொல்வேன், தெரியலன்னா தெரியலன்னு சொல்வேன். நீயும் அதே மாதிரி இரு. ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிப்போம்." எனக்கு அன்னைக்கே அவளைப் பிடிச்சுப் போச்சு. அதுக்கு முன்னாடி போன ஒருத்தர் நான் என்ன சொன்னாலும் "ம்ம்"னு ஒரு சத்தம் போட்டு மூணு மாசம் ஓட்டினார்.

எங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஆன்லைன்ல ஒரு பக்கம் உண்டு, ஆளுக்கு ஆள் அதுல எழுதலாம், அடிக்கலாம். 'தெரிஞ்சது', 'தெரியாதது'ன்னு ரெண்டு பத்தி. தெரிஞ்சதுக்குக் கீழ வெண்பாவே எழுதி வச்சிருந்தா: அம்மா யோசிச்சிட்டு இருக்காங்க.

விஷாகா சொன்னதைச் சொன்னதும் வெண்பா நெத்தியைச் சுருக்கினா. "பாக்கலாம்னா 'யோசிச்சுச் சொல்றேன்'னு தானே? நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். எங்கம்மாகூட அடிக்கடி சொல்வாங்க. டிஸ்னிக்குப் போலாமான்னு கேட்டா, பாக்கலாம்..." பாதியில நின்னுட்டா. "நாங்க டிஸ்னிக்குப் போனதே இல்ல."

எனக்குச் சிரிப்பு தாங்கல. படிச்ச தெரபிஸ்ட், முப்பத்தெட்டு வயசு, அன்னைக்குத்தான் அவளுக்கு டிஸ்னி கேன்சல் ஆச்சு.

அவளும் சிரிச்சா. அப்புறம் சொன்னா, "இதுல என் தப்பும் இருக்கு, கயல். அந்த வார்த்தையை உன்கிட்ட கேக்காம நானா ஒரு அர்த்தம் வச்சுட்டேன். சாரி." அந்த வரியை வெட்டி எடுத்து, தெரியாதது பக்கம் போட்டா. "சரி. எப்படிக் கண்டுபிடிக்கலாம்?"

டேட்டாகாரிகிட்ட கேக்கற கேள்வியா இது? அந்த வாரம் முழுக்க உக்காந்து, அம்மா எனக்கு விவரம் தெரிஞ்சதுலேருந்து சொன்ன 'பாக்கலாம்' எல்லாத்தையும் எழுதினேன். எனக்கு மூஞ்சி மறந்து போகும், பேச்சு மறக்காது. சைக்கிள். நாய்க்குட்டி. ஊட்டி டூர். பரதநாட்டியம். பக்கத்து வீட்டு ஜெயபிரகாஷ் அங்கிள் எங்க கிணத்துல மோட்டார் போட்டுக்கறேன்னு கேட்டது. எங்க கல்யாணத்தைச் சேக்காம மொத்தம் பதினாலு. அதுல பதிமூணு நடக்கவே இல்ல. ஒண்ணே ஒண்ணு நடந்துது: நான் எம்எஸ் படிக்க அமெரிக்கா வந்தது.

"பதினாலுல ஒண்ணு," வெண்பா சொன்னா. "நீ ஆபீஸ்ல இதை வச்சு முடிவு எடுப்பியா?"

"மாட்டேன். நேரா போய்க் கேட்டுட்டு வான்னு சொல்வேன்."

சொல்லிட்டேன், சொன்னதுக்கப்புறம்தான் தோணுச்சு. அம்மா இல்லைன்னு சொல்லிட்டா? இது வரைக்கும் இல்லைன்னு ஒரு வார்த்தை கேட்கல, அதுவே எனக்கு ஒரு சொத்தா இருந்துது. வெண்பாகிட்ட அப்படியே சொன்னேன், எனக்குப் பயமா இருக்குன்னு. "பயமாத்தான் இருக்கும். உன் இடத்துல இருந்தா எனக்கும் இருக்கும்"னா. அது போதுமா இருந்துது.

கேள்வியை ரெண்டு பேருமா எழுதினோம். நான் எழுதினது: நீ வருவியா மாட்டியா, ஒரே வார்த்தையில சொல்லு. அவ கேட்டா, "உங்கம்மா 'மாட்டேன்'னு சொல்றதுக்கு என்ன தடை? அவங்களுக்கு எது பயமா இருக்கும்?" அது எனக்குத் தோணவே இல்ல. எங்கம்மாவுக்குப் பயமா! எனக்கு இல்லைன்னா இல்லை, அவ்வளவுதான். ஆனா அம்மாவுக்கு இல்லைங்கிறது கதவைச் சாத்தற மாதிரி போல. சாத்தினா நான் திரும்ப வரமாட்டேன்னு நினைக்குதோ என்னவோ. அதனால ஒரு வரி சேத்தேன், அடிச்சேன், மறுபடி சேத்தேன்.

சனிக்கிழமை காலையில எட்டு மணி, அங்க சாயங்காலம். அப்பா வாக்கிங் போற நேரம். விஷாகா பக்கத்துல உக்காந்திருந்தா, எதுவும் பேச மாட்டேன்னு சொல்லிட்டுத்தான். நான் பேப்பரைப் பாத்துப் படிச்சேன்.

"அம்மா, எனக்குப் பாக்கலாம்னா புரிய மாட்டேங்குது. அது என் மூளையோட அமைப்பு, உன் தப்பு இல்ல. எங்க கல்யாணத்துக்கு வருவியா, மாட்டியா? மாட்டேன்னு சொன்னாலும் ஃபோனை வைக்க மாட்டேன். நாளைக்கும் இதே நேரம் கூப்பிடுவேன்."

ஃபோன்ல ஃபேன் சுத்தற சத்தம் கேட்டுது. எங்க ஊர் வீட்டு ஃபேன், அது ஒரு பக்கமா இழுக்கும்.

"வரமாட்டேன் கண்ணு," அம்மா சொல்லுச்சு.

வலிச்சுது. ஆனா பாருங்க, நிம்மதியாவும் இருந்துது. ரெண்டு வருஷத்துல முதல் தடவையா எங்கம்மா எனக்குப் புரியற பாஷையில பேசியிருக்கு. அடுத்த கேள்வி பேப்பர்ல இல்ல, தானா வந்துது. "இஷ்டம் இல்லையா, தைரியம் இல்லையா?"

"தைரியம்தான். உங்கப்பாகிட்ட சொல்லிட்டு வர எனக்குத் தைரியம் இல்ல. சொல்லாம வரவும் தெரியாது." மூக்கை உறிஞ்சுச்சு. "நீயாச்சும் நேராக் கேட்டியே. என்னை இந்த வீட்ல யாரு கேக்கறா?"

எனக்கு அழுகை வந்துது. "அப்போ நாங்க நாள் குறிச்சுடறோம்மா. உனக்காக இனிமே காத்துட்டு இருக்க மாட்டோம்."

"குறிங்க, குறிங்க. பாவம் அந்தப் புள்ள, எத்தனை நாளைக்கு நிக்கும்?" அப்புறம், "பக்கத்துல இருக்குதா? குடு. வரலைன்னு நானே சொல்றேன்"னுச்சு.

நாலு வருஷத்துல அம்மா விஷாகாகிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. ஃபோனை நீட்டினேன், இவ ரெண்டு கையாலயும் வாங்கினா. "சொல்லுங்க ஆன்ட்டி," "இல்ல ஆன்ட்டி," "பரவால்ல ஆன்ட்டி." எழுந்து சமையல்ரூம் பக்கம் போயிட்டா. இருபத்திரெண்டு நிமிஷம், நான் கடிகாரத்தைப் பாத்துட்டேதான் இருந்தேன். தேங்காய் அரைக்கிறதைப் பத்தி ஏதோ பேச்சு கூட வந்துது.

திரும்பி வந்து சோபாவில விழுந்தா, கண்ணெல்லாம் சிவந்து. "நல்லாத்தான் பேசினாங்க. ஆனா இன்னும் என்னை வெளி ஆளாத்தான் வச்சிருக்காங்க கயல். ஏதோ கலெக்டர் கிட்ட பேசற மாதிரி, வார்த்தைக்கு வார்த்தை 'அம்மணி, அம்மணி'ங்கிறாங்க."

நான் அவளையே பாத்தேன். இந்த வீட்ல ஒரு வார்த்தைக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சது வாழ்க்கையில அதுதான் முதல் தடவை.

"மக்கு," நான் சொன்னேன், "எங்க பக்கம் பெத்த பொண்ணைத்தான்டி அப்படிக் கூப்பிடுவாங்க."